ஒரு மணிக்கும் மூன்றரைக்கும் நடுவில்

ஒரு மணி அடித்து ஐந்து நிமிடத்துக்குள் வீட்டு எசமானி சிஞ்ஞோரா ஸ்பாதாரோ கதவைச் சாத்திவிடுவாள். அதற்குள் மத்தியானச் சாப்பாட்டு மேசை துடைபட்டு, கோப்பைகள் கழுவி அடுக்கப்பட்டு, குசினித் தரையில் ஈரம் காய்ந்திருக்க வேண்டும். ஞானம்பிகை குசினிக்குப் பின்னாலுள்ள வேலைக்காரர் கழிப்பறைக்கு ஒருதரம் போய்விட்டு, ஒரு கையில் குப்பைப் பையும் மறு கையில் தன்னுடைய சாப்பாட்டுப் பையுமாக நாலு மாடி இறங்கி வருவாள். பின்னேர வேலைவீட்டுக் கதவு மூன்றரைக்குத்தான் திறக்கும். அந்த வீட்டுக் கிழவர் தூங்கி எழும்பி, முகம் கழுவி, பல்லைப் போட்டுக்கொண்ட பிறகுதான் மணியடிக்கலாம். இடையில் கிடக்கிற இரண்டரை மணித்தியாலத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைக்கிறாள் என்று இருபத்திரண்டு வருடமாக யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போய் வரலாம்தானே என்று சொல்பவர்கள் இத்தாலியின் பலெர்மோவில் பஸ்ஸுக்குக் காத்து நின்றிராதவர்கள். அவள் குடியிருப்பது அல்பெர்கேரியாவில். வேலை செய்வதோ லிபெர்த்தா வீதிக்கும் அப்பால், வாசற்படிக்கே பளிங்கு பதித்த மாடிவீடுகளின் பக்கம். போனால் நேரத்துக்குத் திரும்ப முடியாது. ஆகவே இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சின்னச் சதுக்கத்துக்குப் போய்விடுவாள். அங்கே விழுது இறக்கிய ஒரு பெரிய மரம், குந்த நாலு வாங்கில், ஒரு பஸ் தரிப்பு, எப்போதோ பூட்டிய பூக்கடைக் கூண்டு ஒன்று. ஒன்றே காலுக்கு எட்டிப் பார்த்தால் இருபது, இருபத்தைந்து பெண்கள் மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். அதற்குப் பிறகு மூன்றரைவரை வருவதும் போவதுமாக இன்னும் எத்தனையோ பேர். புட்டு, நேற்றைய மீன்குழம்பு, சிலருக்கு சிஞ்ஞோரா கட்டிக்கொடுத்த மிச்ச பாஸ்தா. எல்லாருடைய பையிலும் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். அதன் மூடியைத்தான் ஒருத்தியும் திறக்கமாட்டாள்.

காரணம் மூலையிலிருந்த பார் என்கிற கோப்பிக்கடை. ஒரு கஃபே குடித்தால் கடைக்காரன் கழிப்பறைச் சாவி தருவான். ஆனால் இவர்கள் வீதியைக் கடப்பதைக் கண்டதும் கதவில் 'பழுது' என்ற மட்டையைக் கொழுவிவிடுவான். மட்டை மூன்றரைக்குத் தானாகவே கழன்றுவிடும். அப்படியொரு அதிசயமான கழிப்பறை. அதனால் காலை பத்து மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணி பல்லில் படாமல் இருக்க எல்லாரும் பழகிக்கொண்டார்கள்.

சித்திரை மாதம் முடியும் தறுவாயில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெயில் அப்போதே கோடை வெயிலாக இருந்தது. அகஸ்ரீனா பையை அடிவயிற்றோடு அழுத்திப் பிடித்தபடி வாங்கில் நுனியில் இருந்தாள். மன்னார்க்காரி, பகேரியாவிலிருந்து ரயிலில் வருகிறவள். இரண்டு நாளாக அவளுடைய முகம் சரியில்லை.

"கடைசியா எப்ப போனனீ?" என்று ஞானம்பிகை கேட்டாள்.

"பன்னிரண்டரைக்கு அக்கா. போகேக்க நெருப்பா எரியுது."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஒரு நாளைக்கு மூண்டு லீற்றர் தண்ணி குடிக்கட்டாம்." அகஸ்ரீனா சிரித்தாள். "குடிச்சிட்டு எங்கை போறதெண்டு நான் அவரிட்டைக் கேக்கேல்லை."

அந்த நேரம்தான் அளவு நாடாவும் கையுமாக ஒரு இளம் பெண் வந்து வாங்கிலின் காலடியில் குந்தினாள். ஒல்லி, நெட்டை, வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் பெர்ராந்தே என்று பெயர் இருந்தது. காலைக் கொஞ்சம் தூக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு அளந்தாள்.

"எதுக்கு அளக்கிறீர்கள்?" என்று ஞானம்பிகை இத்தாலியனில் கேட்டாள்.

"இந்த வாங்கில்கள் அகற்றப்படப் போகின்றன, சிஞ்ஞோரா. நகரத்துக்கு இருபது வருடத் திட்டம் ஒன்று போடுகிறோம் இல்லையா, அதில் இங்கே சைக்கிள் பாதையும் பூப்பாத்தியும் வருகிறது." கையிலிருந்த டப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். மரம் இருந்தது. வாங்கில் இல்லை. தரிப்பிடத்தை முந்நூறு மீற்றர் கீழே தள்ளியிருந்தார்கள். கூண்டு நின்ற இடத்தில் ஒரு சாம்பல் நிறச் சதுரம்.

"அப்படியென்றால் நாங்கள்?"

"நீங்கள் எதுவும் கேட்கவில்லையே." அந்தப் பெண் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "உங்கள் சமூகத்திடமிருந்து நூற்றறுபத்துமூன்று கருத்துப் படிவம் வந்தது. வெளிநாட்டுக்காரரில் நீங்கள்தான் அதிகம். அத்தனை பேரும் ஒரே பெட்டியில் கோடு போட்டிருந்தீர்கள். மிகவும் திருப்தி. பலெர்மோவிலேயே சந்தோஷமான ஆட்கள் நீங்கள்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்."

ஞானம்பிகைக்குக் காது இரண்டும் சுட்டது. ஏனென்றால் அந்த நூற்றறுபத்துமூன்று கோட்டையும் போட வைத்தவள் அவள்தான்.

அது தை மாதத்துக் கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைவக்காரரும் வேதக்காரரும் என்று பாராமல் தமிழ்ச் சனம் முழுக்க சாந்தா ரொசாலியா மாதாவைக் கும்பிட மலை ஏறும். அங்கே படிக்கட்டில் வைத்துத்தான் சங்கத் தலைவர் அருளம்பலம் படிவக் கட்டை அவிழ்த்தார். ஒரு மாடிவீட்டுக்குப் போர்த்தியேரே, அதாவது வாசல் காவல்காரர். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தலையாட்டித் தலையாட்டி அவருடைய கழுத்தே கொஞ்சம் முன்னுக்கு வளைந்துவிட்டது. "நகரத்தைப் பற்றி உங்கட அபிப்பிராயம் எண்டு கேப்பாங்கள். நம்பிப் போய்க் குறை எழுதாதேங்கோ. நாளைக்குப் பெர்மெசோ புதுப்பிக்கப் போகேக்க குவெஸ்தூராவில எடுத்து மேசையில வைப்பாங்கள்," என்றார். வதிவிட அனுமதி பொலிஸ் கந்தோரில் சிக்கிக்கொண்டால் யாருக்குத்தான் பயம் வராது? ஞானம்பிகைக்கும் வந்தது. அவளுக்குக் கோவில் மணி போலக் குரல். படியில் ஏறி நின்று, வலது பக்கக் கடைசிப் பெட்டியில் கோடு போடும்படி எல்லாருக்கும் சொன்னாள். போடாதவர்களைத் தேடிப் பிடித்துப் போட வைத்தாள். ஒரு படிவத்தில் மட்டும் யாரோ கோணல் எழுத்தில் 'கழிப்பறை இல்லை' என்று எழுதத் தொடங்கியிருந்ததைக் கண்டு, பறித்துக் கிழித்து, புதிய படிவம் கொடுத்தாள். எழுதியவள் அகஸ்ரீனா.

இப்போது அதே அகஸ்ரீனா பக்கத்திலிருந்து அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஞானம்பிகை பாதி உண்ட சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அகஸ்ரீனா வேலைவீட்டுக் குசினியில் சுருண்டு விழுந்தாள். காய்ச்சல் நாற்பது. சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏற்றிப் படுக்க வைத்தார்கள். ஞானம்பிகை பார்க்கப் போனபோது உதடு வெடித்துக் கிடந்தாள்.

"திரும்ப இப்பிடி வந்தால் ஒண்டை எடுக்க வேண்டி வருமாம் அக்கா," என்றாள். "வேலைக்கு வேற பிள்ளையை விட்டிருக்கினம். நான் வருவன் எண்டு சொல்லிவிடுங்கோ. தண்ணி குடிக்காமல் சமாளிப்பன் எண்டு சொல்லுங்கோ."

ஞானம்பிகை தாதியைக் கூப்பிடுவதுபோல வெளியே போய், தாழ்வாரத்தில் நின்று அழுதாள். நன்றாக அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கைபேசியில் அந்தத் திட்ட அலுவலகம் எங்கே என்று தேடினாள்.

வியாழக்கிழமை பின்னேரம் போனாள். பலெர்மோவில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் சொந்தம். அப்போதுதான் சலூனுக்குப் போவார்கள், ஊருக்குக் காசு அனுப்புவார்கள், கலியாணம் பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள். இது பஸ்காரனுக்குத் தெரியும், பலாரோ சந்தையில் மீன் விற்கிறவனுக்குத் தெரியும். திட்டம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியாது.

பெர்ராந்தே அவளை அடையாளம் கண்டு கதிரை இழுத்துப் போட்டாள். ஞானம்பிகை சுற்றி வளைக்கவில்லை. படிவத்தில் போட்டது பொய் என்றாள். எதற்காக என்றும் சொன்னாள். அகஸ்ரீனாவையும் சொன்னாள். பெர்ராந்தே பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசிப் பொதுக்கூட்டம் ஒன்று மிச்சமிருக்கிறது," என்றாள். "அதில் யாராவது வந்து சொன்னால்தான் திட்டத்தைத் திருத்தலாம். அதற்குப் பிறகு இருபது வருடம் கையே வைக்க முடியாது. இரண்டு கூட்டத்துக்கு உங்கள் ஆட்களை அழைத்தேன். ஒருவர்கூட வரவில்லை."

"என்ன கிழமை?"

"புதன். காலை பத்தரை. அருங்காட்சியக மண்டபம். வாசலில் அடையாள அட்டை காட்டிப் பெயர் பதிந்தால் போதும்."

ஞானம்பிகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கச் சிரிக்க அந்தப் பெண்ணின் உரிந்த மூக்கு இன்னும் சிவந்தது.

"பிள்ளை, புதன் பத்தரைக்கு நான் சிஞ்ஞோராவின் குளியல் தொட்டிக்குள் முழங்காலில் நிற்பேன்," என்றாள். "நீங்கள் அழைத்தது தொட்டிக்குள் கேட்காது."

அன்றைக்கு அலுவலகம் பூட்டும்வரை இரண்டு பேரும் குந்தியிருந்து கூட்டத்தைத் திருப்பிப் போட்டார்கள். வியாழன், பின்னேரம் நாலு மணி. அருங்காட்சியகம் வேண்டாம், அல்பெர்கேரியாவில் பள்ளிக்கூட மண்டபம். வாசலில் அட்டை கேட்கக்கூடாது, சீருடை போட்ட ஒருவரும் நிற்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தேத்தண்ணி வேண்டும், தண்ணீர் வேண்டும், முக்கியமாகத் திறந்து கிடக்கிற கழிப்பறை வேண்டும். பெர்ராந்தே எல்லாவற்றையும் எழுதினாள். அவளுடைய மேலதிகாரி குதிகுதியென்று குதித்ததாகவும், அப்படியென்றால் தன் பெயரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அவள் சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டார்கள். அந்த ஒல்லிக் கழுத்துக்குள் அவ்வளவு பிடிவாதம் இருந்திருக்கிறது.

"இன்னும் ஒன்று," என்று ஞானம்பிகை எழும்பும்போது சொன்னாள். "எங்கள் ஆட்கள் தாளில் எழுதமாட்டார்கள். பேர் இல்லாவிட்டாலும் கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள் என்று பயம்."

"அப்படியென்றால் எப்படிக் கேட்பது?"

ஞானம்பிகை யோசித்தாள். "உங்களிடம் பெரிய வரைபடம் இருக்கிறதுதானே? நான் கடலை கொண்டு வருகிறேன்."

அருளம்பலம் கேள்விப்பட்டு, வேலை நேரத்தில் காவல் கூண்டை விட்டே வெளியே வந்துவிட்டார். அது லேசில் நடக்கிற காரியமல்ல.

"உனக்கென்ன விசரே ஞானம்? சும்மா கிடக்கிற சனத்தைக் கொண்டுபோய் மண்டபத்தில அடைச்சு, நாளைக்கு ஒரு பெர்மெசோ பிந்தினாலும் எல்லாரும் என்னைத்தான் கேப்பினம்."

"என்னைக் கேக்கச் சொல்லுங்கோ அண்ணை."

"இவ்வளவு காலமும் இல்லாத கக்கூஸ் இப்ப என்னத்துக்கு?"

ஞானம்பிகை அவருக்குப் பின்னால் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மேசை, மின்விசிறி, மூலையில் ஒரு சின்னக் கதவு. "உங்களுக்கு உள்ளுக்கையே இருக்கு அண்ணை," என்றாள். "அதுதான் விளங்கேல்லை."

அவர் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

வரைபடத்தை ஆயத்தம் பண்ணவே இரண்டு ஞாயிறு போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பழைய வேலைவீட்டுக்கே திரும்பியிருந்த அகஸ்ரீனாவும் கூட இருந்தாள். வீதிப் பெயர்களை யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போகிற வழியை அவர்கள் வேறு மாதிரித்தான் மனதில் வைத்திருந்தார்கள். ஆகவே வரைபடத்தின் மேல் தமிழில் எழுதி ஒட்டினார்கள்: பல் டொக்டர் வீடு. ரெண்டு நாய் வீடு. லிஃப்ட் ஓடாத மாடி. மெத்தைக்குக் கீழ அழுக்கு உடுப்பு ஒளிக்கிற கிழவி வீடு. பெர்ராந்தே ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். ஓரத்தில் பெரிய எழுத்தில் ஒரேயொரு கேள்வி: 'ஒரு மணிக்குப் பிறகு எங்கை இருக்கிறனீங்கள்? அந்த இடத்தில ஒரு கடலை போடுங்கோ.'

அந்த வியாழக்கிழமை நாலு மணிக்கு மண்டபத்தில் பதினாலு பேர். நாலே காலுக்குப் பத்தொன்பது. ஞானம்பிகை மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். கதிரைகள் முந்நூறு, வாளி நிறையத் தேத்தண்ணி, இரண்டு கிலோ கடலை. மானம் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்க, நாலரைக்கு பலாரோப் பக்கத்து வாசலால் சனம் வரத் தொடங்கியது. முதலில் மலைக்கு வருகிற பெண்கள், பிறகு அவர்களுடைய புருஷன்மார், தள்ளுவண்டியில் பிள்ளைகள். வங்காளப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். வீட்டுவேலை செய்கிற சிசிலியக் கிழவிகள் ஐந்தாறு பேர் வந்து, "இது எங்களுக்கும்தானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஐந்து மணிக்குக் கதிரை போதவில்லை. யாரும் யாரையும் பெயர் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு கடலை எடுத்து, வரைபடத்தைச் சுற்றி நடந்து, குனிந்து தன்னுடைய நாயையும் பல் டொக்டரையும் தேடிக் கண்டுபிடித்து, கடலையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சிலர் வைத்த பிறகும் போக மனமில்லாமல் நின்றார்கள்.

கூட்டம் தொடங்கியது. முதலில் அந்தப் பகுதிக் குடியிருப்பாளர் குழுவின் அவ்வொகாத்தோ, அதாவது வக்கீல், எழும்பினார். நல்ல மனிதர், நல்ல சட்டை. வாங்கில்களில் கண்டபடி ஆட்கள் தங்குவதால் சதுக்கத்தின் அழகு கெடுகிறது என்றார். திரையில் ஒரு படம் வந்தது. நூற்றறுபத்துமூன்று பேருக்கு ஒரு நீலத் தூண் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. "அந்த வாங்கில்களைப் பாவிக்கிறவர்களே எந்தக் குறையும் சொல்லவில்லை. மிகவும் திருப்தி என்கிறார்கள்," என்று முடித்து அமர்ந்தார். குழுவினர் கைதட்டினார்கள்.

ஞானம்பிகை எழும்பினாள். எழும்பிய பிறகுதான் கண்டாள், அந்தக் குழுவின் வரிசையில் இரண்டாவது கதிரையில் சிஞ்ஞோரா ஸ்பாதாரோ கால்மேல் கால் போட்டு இருக்கிறாள். காலையில் ஞானம்பிகை அழுத்தி மடித்த அதே நீல மேற்சட்டை. இப்படியே குந்திவிட்டால் நாளைக்கும் வேலை இருக்கும். பக்கத்தில் அகஸ்ரீனா மெலிந்த முகத்தோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானம்பிகை மைக்கை வாங்கினாள். அவளுடைய இத்தாலியன் குசினியில் படித்த இத்தாலியன். அதில் சிசிலியச் சொல் பாதி. ஆனாலும் குரல் அதே குரல்.

"அந்த நீலத் தூண் என்னுடையது," என்றாள். "நூற்றறுபத்துமூன்று கோட்டையும் நான்தான் போடச் சொன்னேன். பொய். பெர்மெசோ கிடைக்காமல் போகும் என்று பயம், அதனால் சொன்ன பொய். இவள் உண்மையை எழுதினாள். நான் பறித்துக் கிழித்தேன். போன மாதம் இவள் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூத்திரம் பெய்ய இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமல் கிடந்து வந்த வருத்தம். உங்களுடைய குளியலறைகளை நாங்கள் கழுவுகிறோம். ஒரு மணிக்கு நீங்கள் கதவைச் சாத்துகிறீர்கள். மூன்றரைக்குத் திறக்கிறீர்கள். நடுவில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று இன்றைக்குத்தான் ஒருவர் கேட்டார். அவ்வொகாத்தோ, வந்து பாருங்கள்."

அவ்வொகாத்தோ வராமல் இருந்திருக்கலாம். ஆனால் முந்நூறு பேர் பார்க்கும்போது எப்படி வராமல் இருப்பது? கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வரைபடத்தருகே போய்க் குனிந்தார். பூங்காவில் ஒரு பிடி, ஒரு தேவாலயப் படியில் கொஞ்சம், பஸ் தரிப்புகளில் இரண்டு மூன்று. அந்தச் சின்னச் சதுக்கத்தின் மேல் மட்டும் கடலை மலையாகக் குவிந்து, மரத்தையும் பூப்பாத்தியையும் சைக்கிள் பாதையையும் மூடிவிட்டது. பெர்ராந்தே எண்ணிச் சொன்னாள், இருநூற்றுப் பதினெட்டு. ஒரு கடலை உருண்டு நிலத்தில் விழுந்தது. அவ்வொகாத்தோ அதைத் தேடி எடுத்து, குவியலின் மேல் திரும்ப வைத்தார்.

அதற்குப் பிறகு யார் சொல்லியும் நிற்கவில்லை. வங்காளப் பெண் ஒருத்தி எழும்பிச் சொன்னாள். சிசிலியக் கிழவி ஒருத்தி, தான் நாற்பத்தொரு வருடமாக மரத்துக்குப் பின்னால் போகிறதாகச் சொல்லி, குழுவைப் பார்த்து வைதாள். கடைசியில் பின் வரிசையிலிருந்து அருளம்பலம் எழும்பினார். "நானும்தான் பொய்க்குக் காரணம்," என்று இத்தாலியனில் சொன்னார். வளைந்த கழுத்தை நிமிர்த்தித்தான் சொன்னார். சொல்லிவிட்டு முன்னுக்கு வந்து ஒரு கடலை போட்டார். தனக்குத் தேவையில்லாத கடலை. சனம் விசிலடித்தது.

திட்டத்தின் தலைவர் பெர்ராந்தேயோடும் மற்றவர்களோடும் தலையைச் சேர்த்துக் கதைத்துவிட்டு எழும்பியபோது ஏழு மணியாகிவிட்டது. வாங்கில்கள் நிற்கும், என்றார். தரிப்பிடம் நகராது. பூக்கடைக் கூண்டைத் திருத்தி, தண்ணீர்க் குழாயும் இரண்டு கழிப்பறையும் இருக்க இடமும் உள்ள அறையாக்குவது முதல் வருட வேலைகளில் சேர்க்கப்படும். அவர் சொல்லி முடிக்கவில்லை. அகஸ்ரீனா ஞானம்பிகையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தை மாதத்துக்குப் பிறகு ஞானம்பிகைக்கு அன்றைக்குத்தான் நெஞ்சு லேசானது.

வாசலில் சிஞ்ஞோரா காத்து நின்றாள். "ஒரு நாளும் நீ எனக்குச் சொல்லவில்லையே, ஞானா," என்றாள்.

"நீங்கள் கேட்கவில்லை, சிஞ்ஞோரா."

சிஞ்ஞோராவின் கண் கலங்கியது. இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். பக்கத்தில் நின்றவர்களிடம், இவள் எங்கள் வீட்டு ஞானா என்று பெருமையாகச் சொன்னாள்.

அடுத்த ஆவணியில் கூண்டு திறந்தது. வெள்ளை ஓடு, சுவரோரம் நீள வாங்கில், மின்விசிறி, காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை திறந்த கதவு. முதல் நாள் ஒன்றே காலுக்குப் பெண்கள் உள்ளே நுழைந்து, ஏதோ கலியாண வீட்டுக்கு வந்தவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அகஸ்ரீனா குழாயில் போத்தலை நிரப்பி, நின்ற நிலையில் கடகடவென்று முழுவதையும் குடித்து, வாயைத் துடைத்தாள். "இன்னொண்டு குடிக்கட்டோ அக்கா?" என்று கேட்டு, நிரப்பி அதையும் குடித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். பெர்ராந்தே தன் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து அவர்கள் நடுவில் இருந்து, ஞானம்பிகையின் புட்டைச் சாப்பிட்டு, உறைப்பில் கண்ணீர் விட்டாள். அவ்வளவு சந்தோஷம் அந்தச் சின்னக் கூண்டுக்குள் எப்படித்தான் கொண்டதோ தெரியவில்லை.

மூன்று கிழமை போனது. ஒரு திங்கட்கிழமை காலை, ஞானம்பிகை ஏப்ரன் கட்டிக்கொண்டு குசினிக்குப் பின்னாலிருந்த வேலைக்காரர் கழிப்பறைக் கதவைத் திறந்தாள். திறக்க முடியவில்லை. உள்ளே மட்டைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"ஆ, ஞானா," என்றபடி சிஞ்ஞோரா வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு. "குளிர்கால உடுப்புக்கு எனக்கு இடமே இல்லை என்று உனக்குத் தெரியும்தானே. அங்கே அலுமாரி அடிக்கப் போகிறேன். உங்களுக்குத்தான் கீழே அவ்வளவு அழகாக ஒன்று கிடைத்திருக்கிறதே. கட்டடத்துக் கூட்டத்திலும் எல்லாரும் தங்கள் வீட்டிலும் இதையே செய்யப்போவதாகச் சொன்னார்கள். உன்னால்தான் இதெல்லாம்."

பத்தரைவரை ஞானம்பிகை தாக்குப் பிடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நாலு மாடி இறங்கி, வீதியைக் கடந்தாள். கூண்டு வாசலில் வரிசை நின்றது. அகஸ்ரீனா நின்றாள், கையில் இன்னும் கழற்றாத மஞ்சள் ரப்பர் உறையோடு. முன்னால் முழங்கைவரை மா ஒட்டிய ஒருத்தி. அதற்கு முன்னால் வீட்டுச் செருப்போடு ஓடி வந்த ஒருத்தி. எல்லாருடைய இடுப்பிலும் ஏப்ரன். ஞானம்பிகை கடைசியில் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். சதுக்கத்தைச் சுற்றியிருந்த பளிங்குப் படிகளின் மேல் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒவ்வொரு கதவிலிருந்தும் ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வெளியே வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, வீதியைக் கடக்க ஓடி வந்துகொண்டிருந்தாள்.